கூடாரமும் குவார்ட்டரும்: வனவர் பதில்கள்

போன இதழில் ஏலகிரியில் கூடாரம் போட்டுத் தங்குவதைப் பற்றி எழுதியிருந்தேன். கரடி வருமா, கழிப்பறை இருக்குமா, பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்றுதான் கடிதம் வரும் என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே விஷயம். சிலர் அதை 'ஜில்' என்று எழுதியிருக்கிறார்கள், சிலர் 'அது' என்று எழுதியிருக்கிறார்கள், ஒருவர் மட்டும் நேராக 'சரக்கு' என்று எழுதியிருந்தார். அவருக்கு முதல் வணக்கம். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

என்னைத் தெரியாதவர்களுக்கு: வனக்காப்பாளராகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றவன். ஜவ்வாது மலை, ஆலங்காயம், அமிர்தி, ஏலகிரி, இவ்வளவுதான் என் உலகம். டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். எட்டுப் பேர் சேர்ந்து சனிக்கிழமை இரவுக்கு ஏலகிரியில் கூடாரம் பதிவு செய்திருக்கிறோம். வந்த மெசேஜிலேயே 'மது அனுமதியில்லை' என்று போட்டிருக்கிறது. பாட்டு வைக்க மாட்டோம், சத்தம் போட மாட்டோம். ஆளுக்கு ரெண்டு பீர், அதுவும் கூடாரத்துக்குள்ளேயே. பொறுப்பாகக் குடித்தால் என்ன சார் தப்பு?
(ஆம்பூர் வாசகர்)

தம்பி, எட்டுப் பேர், பதினாறு பீர் என்று கணக்குப் போட்டு மலையேறுகிற கூட்டத்தில், கணக்கில் வராத ஒரு ஆஃப் பாட்டில் யாராவது ஒருவர் துண்டுக்குள் சுருட்டிக் கிடக்கும். கேட்டால், 'சும்மா சார், பத்தலைன்னா' என்பார். செக்போஸ்ட்டில் நின்று நான் பிரித்த பைகளுக்குக் கணக்கில்லை. உங்கள் எட்டுப் பேரில் அந்த ஆள் யார் என்று இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே நீங்கள் படுக்கிற இடம் மூன்றில் ஒன்றாக இருக்கும். காப்புக்காடு என்றால் பேச்சே இல்லை. அனுமதியில்லாமல் உள்ளே போவதும் தீ மூட்டுவதுமே 1882-ஆம் வருஷத்து வனச் சட்டப்படி குற்றம். பாட்டிலுக்கு முன்னாலேயே மாட்டிக்கொள்வீர்கள். அரசாங்கமோ பஞ்சாயத்தோ நடத்துகிற இடம் என்றால் அது பொது இடம். பொது இடத்தில் போதையில் இருப்பதற்கென்றே தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் 4-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதற்குச் சண்டை போட்டிருக்க வேண்டும், வாந்தி எடுத்திருக்க வேண்டும் என்றெல்லாம் கிடையாது. மூன்றாவது, தனியார் தோட்டம். உங்களுடையது அதுவாகத்தான் இருக்கும். அங்கே உரிமம் இல்லாமல் குடிக்க இடம் கொடுத்தால் இடத்துக்காரர் மேலும் வழக்கு வரும். அவர் அந்த வரியைப் போட்டது உங்களைத் திருத்துவதற்கு இல்லை, தன் பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ள. சில இடங்களில் போனில், 'போர்டு அப்படித்தான் இருக்கும் சார், நீங்க வாங்க, பார்த்துக்கலாம்' என்பார்கள். அவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். ராத்திரி போலீஸ் ஜீப் வந்து நின்றால் அதே வாய், 'எனக்குத் தெரியாம கொண்டாந்துட்டாங்க சார்' என்று சொல்லும்.

அடுத்து, சத்தம் போட மாட்டோம் என்கிறீர்கள். முதல் பீருக்கு அது உண்மை. இரண்டாவதில் காது கொஞ்சம் மந்தமாகிவிடும். நீங்கள் ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், துணிச்சுவருக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் இருந்து வந்த குடும்பம் உங்கள் மேனேஜரின் குணநலன் பூராவும் கேட்டுக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, நகரத்து ஆட்களுக்குத் தோன்றாதது. கிணறு. நம் வடாற்காட்டுப் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறு எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஏலகிரியிலும் உண்டு. நிலாவூர் பக்கம் ஒரு தோட்டத்தில் இப்படித்தான் ஒரு கூட்டம் தங்கியது. ஒருவர் ஒண்ணுக்குப் போக எழுந்தார். செல்போன் வெளிச்சம் போதும் என்று போனார். கூட இருந்தவர்கள் அவர் தூங்கப் போய்விட்டார் என்று நினைத்தார்கள். அரை மணி கழித்து ஒரு விவசாயி வந்து என்னைக் கூப்பிட்டார். வரப்பு ஓரத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. டார்ச் அடித்துக் கீழே பார்த்தால் மோட்டார் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு கண். அவர் 'காப்பாத்துங்க' என்று கத்தவில்லை. 'யாருக்கும் சொல்லாதீங்க' என்றார். கயிற்றுக் கட்டிலை நான்கு மூலையிலும் கட்டி இறக்கித்தான் தூக்கினோம். கால் எலும்பு முறிந்திருந்தது. அவர் குடித்ததும் ரெண்டு பீர்தான். அவரே சொன்னது.

அந்த ரெண்டு பீரை நாம் எல்லாருமே குறைத்துத்தான் மதிக்கிறோம். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் ஆல்கஹால் 8 சதவீதம் வரை இருக்கும். கிராமில் சொன்னால் சுமார் 40. விஸ்கி, பிராந்தி வகையில் 42.8 சதவீதம் என்று லேபிளிலேயே போட்டிருப்பான், 30 மில்லி பெக் ஒன்றில் 10 கிராம். அப்படியானால் ஒரு ஸ்ட்ராங் பீர் நாலு பெக், ரெண்டு பீர் எட்டு பெக். குவார்ட்டர் பாட்டிலே ஆறு பெக்தான். உடம்பு ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். மோர், எலுமிச்சை, குளியல், பிளாக் டீ எதுவும் அதை வேகப்படுத்தாது. நடுராத்திரி 12 மணிக்கு நிறுத்தினால் காலை எட்டரைக்கும் மிச்சம் இருக்கலாம், சிலருக்குப் பத்து மணி தாண்டியும் இருக்கலாம். நீங்கள் எட்டரைக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரத்துப் பொன்னேரிக்கு வந்துகொண்டிருப்பீர்கள், அதுவும் பைக்கில்.

குடிக்காதே என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை, அதை உங்கள் வீட்டில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை இறங்கி, வீடு போய்ச் சேர்ந்து, வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அப்புறம் என்ன வேண்டுமானாலும் பாருங்கள். மலைக்கு பிரியாணி கொண்டுபோங்கள். ஆம்பூர்க்காரருக்கு இதையும் நான் சொல்ல வேண்டுமா?

மலைக் குளிருக்கு ஒரு கட்டிங் போட்டால் உடம்பு சூடாகும், மருந்து மாதிரி என்கிறார் என் மாமா. உண்மையா?
(ராணிப்பேட்டை வாசகர்)

சூடாகிற மாதிரி இருக்கும். தோலுக்குப் போகிற ரத்தக்குழாய் விரிவதால் முகமும் கையும் கதகதவென்று இருக்கும். ஆனால் உள்ளே இருக்கிற சூடு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. போர்வை இல்லாமல் அப்படியே பாறையில் சாய்ந்து தூங்கினால் விடியற்காலையில் நடுக்கம் வரும். ஏலகிரி கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டர் சொச்சம் மேலே, அவ்வளவுதான். அதற்கு ஒரு ஸ்வெட்டரும் மாமாவுக்கு ஒரு மப்ளரும் போதும்.

என் மகன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். போன வருஷம் நாங்கள் போயிருந்தபோது ஸ்டேட் பார்க் ஒன்றில் இரண்டு நாள் கூடாரத்தில் தங்கினோம். நாலைந்து தமிழ்க் குடும்பம். ஆண்கள் எல்லார் கையிலும் மூடி போட்ட ஸ்டீல் டம்ளர். காபி என்று நினைத்தேன், மோந்து பார்த்தால் காபி இல்லை. 'வெளிய தெரியாம குடிச்சா ஒண்ணுமில்லம்மா, இங்க எல்லாரும் அப்படித்தான்' என்கிறான். அப்படியா?
(ஒரு தாய், காந்தி நகர், காட்பாடி)

அம்மா, உங்கள் மூக்குக்கு ஒரு கும்பிடு.

டெக்சாஸ் ஸ்டேட் பார்க் விதி, பொது இடத்தில் மது குடிக்கவும் கூடாது, வெளியே காட்டவும் கூடாது என்கிறது. இரண்டு 'கூடாது'. உங்கள் மகன் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறான். மூடி போட்ட டம்ளர் பிறந்ததே அப்படித்தான். அதற்காக அந்த நாடு முழுக்க இதே விதி என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய அரசாங்கத்தின் நேஷனல் பார்க்குகள் வேறு கணக்கு. அங்கே ஒவ்வொரு பார்க் அதிகாரியும் எந்த இடத்தில் மது கூடாது என்று தனியாக அறிவிக்கலாம். கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் தங்குமிடத்திலும் பிக்னிக் இடத்திலும் பரவாயில்லை, நடைபாதையில் கூடாது. 21 வயது ஆகாதவர்களுக்கு அங்கே கிடையாது. குடிக்க அனுமதி உள்ள இடத்திலும், தனக்கோ அடுத்தவருக்கோ ஆபத்து வருகிற அளவுக்குப் போதை ஏறினால் அதுவே தனிக் குற்றம். ஆக, 'அமெரிக்காவில் இப்படித்தான்' என்று ஒன்று கிடையாது. அந்தந்த பார்க் வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான்.

பார்க் ரேஞ்சர் பிடித்தால் சீட்டு எழுதிக் கொடுத்து அபராதத்தோடு விட்டுவிடலாம். ஆனால் மகனிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். டம்ளரோடு காரில் ஏறக் கூடாது. குடித்து ஓட்டிக் கைதான வெளிநாட்டவரின் விசாவை, வழக்கு முடிவதற்கு முன்பே ரத்து செய்கிற நடைமுறை அங்கே இருக்கிறது. இந்தச் செய்தி 'அம்மா சொல்றேன்' என்பதை விட வேகமாக வேலை செய்யும்.

அந்த 'வெளிய தெரியாம' என்ற வார்த்தைதான் எனக்கு நெருடுகிறது. இங்கே நம் பையன்கள் ஸ்டீல் டம்ளருக்குப் பதில் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கலந்து கொண்டுபோகிறார்கள். ஜலகம்பாறை அருவிக்குப் பக்கத்தில் ஒரு நாள், ஆரஞ்சு நிறத்தில் இருந்த ஒரு பாட்டிலைத் தாகத்தில் எடுத்துக் குடித்தது ஒரு ஆறு வயதுப் பெண் குழந்தை. அதன் தகப்பன் அந்தப் பாட்டிலைப் பிள்ளைகள் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். சின்னக் குழந்தைக்கு மது உள்ளே போனால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும், துவண்டுவிடும். இந்தக் குழந்தை இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை, கசப்பில் துப்பிவிட்டது. திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அந்தத் தகப்பன் ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து, 'நான் மறைச்சுத்தான் சார் வச்சிருந்தேன்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் மறைத்ததுதான் பிரச்சினை என்று அவருக்கு அன்றைக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆந்திராவில் விலை குறைவு, சரக்கும் நல்ல சரக்கு. சித்தூர் போய்விட்டு வரும்போது கேம்புக்கு ரெண்டு வாங்கி வந்தால்?
(பேரணாம்பட்டு வாசகர்)

எல்லை செக்போஸ்ட்டில் உங்கள் வண்டியையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் பிடித்த காசு வக்கீலுக்குப் போதாது.

சத்துவாச்சாரியில் இருக்கிறோம். ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் என் கணவர், அவருடைய தம்பிகள், பிள்ளைகள் எல்லாரும் இரண்டு காரில் அமிர்தி போவோம். சமையல் முடிந்து இலை போடும் நேரத்துக்கு ஆண்கள் 'வண்டியைப் பார்த்துட்டு வரோம்' என்று போவார்கள். திரும்பி வரும்போது வாசனை. வீட்டுக்கு அவர்தான் ஓட்டுவார். சொன்னால், 'நல்ல நாள்ல மூடைக் கெடுக்காதே' என்கிறார். பின் சீட்டில் ஐந்து பிள்ளைகள். நான் என்ன செய்வது?
(பெயர் வேண்டாம்)

தங்கச்சி, இலை போட்ட பிறகு ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் ஆரம்பிக்க வேண்டும். மாமியார் உங்கள் பக்கம் இருப்பாரா? இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஐந்து பிள்ளைகளில் அவருக்குப் பேரப்பிள்ளை எத்தனை என்று அவர் வாயாலேயே எண்ண வையுங்கள்.

குடிக்காதே என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் அவர்கள் வாயில் தயாராக இருக்கும். 'அன்னைக்கு ஆக்டிங் டிரைவர் போடலாம்' என்று கேளுங்கள். ஒரு நாள் கூலி, ஒரு இலைச் சாப்பாடு. பெரும்பாலான ஆண்களுக்கு வண்டி ஓட்டுகிற கௌரவம்தான் சிக்கல். 'நீங்களும் நிம்மதியா உட்கார்ந்து வாங்க' என்று சொன்னால் கௌரவத்துக்கும் பங்கம் வராது. தம்பிகளில் ஒருவர் குடிக்காதவராக இருந்தால் காலையிலேயே இரண்டு சாவியும் அவர் பாக்கெட்டுக்குப் போகட்டும்.

கணக்குப் பேசுகிறவர் என்றால் கணக்கும் தருகிறேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். வண்டி இடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். அமிர்தியில் நுழைவுச் சீட்டு வாங்குகிற இடத்திலேயே பையைப் பார்ப்பார்கள், அதனால்தான் 'வண்டியைப் பார்த்துட்டு வரோம்'. உள்ளே வரவில்லை என்றால் விதியை மீறவில்லை என்று அவர்களுக்கு நினைப்பு. சாலை ஓரத்தில் காரின் டிக்கியைத் திறந்து வைத்துக் குடிப்பதும் பொது இடம்தான்.

இவ்வளவும் செய்து, அவர் அன்றைக்குக் குடித்துவிட்டு சாவியோடு வந்து நின்றால், பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இதைச் சொல்ல எளிது, செய்வது கஷ்டம், எனக்குத் தெரியும். பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ, பாத்திரத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு ஏறிவிடுங்கள். நான் பார்த்த ஒரு அம்மா அப்படித்தான் செய்தார். பொங்கல் பானையைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். அடுத்த வருஷம் அந்தக் குடும்பம் ஆக்டிங் டிரைவரோடு வந்தது.

பொங்கலுக்கு மட்டும் இல்லை, தினமும் என்கிற நிலை என்றால் அது உங்கள் பேச்சால் தீராது. வேலூரிலேயே பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. போனில் பேச 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். கை ஓங்குகிற அளவுக்குப் போனால் பெண்கள் உதவி எண் 181. இதை எழுதினால் பத்திரிகையை அவர் கிழித்துவிடுவார் என்று நினைத்தால் எண்களை மட்டும் சமையல் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தா காலத்தில் வட ஆற்காடு ஜில்லாவில் மதுவிலக்கு இருந்ததாமே? அப்போது கடைப்பிடித்தார்களா?
(ஆரணி வாசகர்)

இருந்தது. ராஜாஜி முதலில் சேலத்தில் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி கொண்டுவந்தார். அடுத்த வருஷம் சித்தூர், கடப்பை. 1939-இல் நம் வட ஆற்காடு. யுத்த காலத்தில் நிறுத்திவைத்து, பிறகு 1948-இல் மாகாணம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். 1971-இல் திறந்து, 1974-இல் மூடி, 1981-இல் மறுபடி திறந்தது உங்கள் அப்பா காலம். கடைப்பிடித்தார்களா என்றால், பெரிய மனிதர்கள் டாக்டர் சர்டிபிகேட் காட்டி 'பர்மிட்' வாங்கினார்கள், சின்ன மனிதர்கள் மலையடிவாரத்துக்குப் போனார்கள். எங்கள் துறையில் மூத்தவர்கள் சொல்வார்கள், அந்தக் காலத்தில் காட்டில் புகை தெரிந்தால் தீயா, கள்ளச்சாராய ஊறலா என்று முதலில் மோந்து பார்க்க வேண்டுமாம்.

ஜமுனாமரத்தூர் பக்கம் மலைக்கிராமம் எங்களுடையது. சனி, ஞாயிறு ஆனால் வெளியூர் வண்டிகள். எங்கள் கொல்லை ஓரத்துப் பாறையில் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலைப் பாறையிலேயே அடித்து உடைக்கிறார்கள். கேட்டால், 'உங்க ஆளுங்க காய்ச்சாததா?' என்று சிரிக்கிறார்கள்.
(பட்டப்படிப்பு படிக்கும் ஒரு பெண்)

மகளே, இதை மூன்று முறை படித்தேன்.

காய்ச்சுகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களைப் போலீஸ் பிடிக்கிறது, ஊறலைக் கொட்டி அழிக்கிறது, அது பேப்பரில் படத்தோடு வருகிறது. அதைப் பார்த்துவிட்டு வருகிறவன் மலை முழுக்கத் தனக்கு பார் என்று நினைத்துக்கொள்கிறான். சாமையும் தேனும் பலாவும் விளைகிற ஊர் என்று அவனுக்கு யாரும் படம் போட்டுக் காட்டவில்லை.

குவார்ட்டர் பாட்டில் பாறையில் உடைந்தால் எப்படி உடையும் என்று நீ பார்த்திருப்பாய், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கழுத்தும் வயிறும் சிதறிப் போகும். அடிப்பாகம் மட்டும் கிண்ணம் போல முழுசாக நிற்கும், விளிம்பு மேலே பார்த்தபடி. ஒரு மழை பெய்தால் மண்ணில் பாதி புதைந்துவிடும். மேலே சருகு மூடும். அப்புறம் அது வருஷக்கணக்கில் அங்கேயே இருக்கும். வெறுங்காலோடு ஆடு ஓட்டிப் போகிறவன், சாமை அறுக்கக் குனிந்து பின்னால் நகர்கிற பெண், இவர்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். ஒரு முறை நான் ஒரு பையனின் குதிகாலில் இருந்து எடுத்தேன். உடைத்தவன் அப்போது சென்னையிலோ பெங்களூரிலோ ஆபீஸில் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு இப்படி ஒரு கால் இருப்பதே தெரியாது.

நீலகிரியில் காட்டில் கிடந்த பாட்டில்கள் யானைக் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் வரை போய், 2022-இல் காலி பாட்டிலைத் திருப்பி வாங்கும் திட்டம் வந்தது. வாங்கும்போது 10 ரூபாய் கூடுதல், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் வாபஸ். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாகக் கொண்டுபோனார்கள். நல்ல திட்டம். ஆனால் பாறையில் அடித்து உடைக்கிறவனுக்குப் பத்து ரூபாய் பெரிசில்லை, அந்தச் சத்தம்தான் அவனுக்கு வேண்டும்.

நீ செய்யக்கூடியது சில இருக்கிறது. தனியாகப் போய்க் கேட்காதே, அதுவும் குடித்துக்கொண்டிருக்கும்போது. வண்டி நம்பரைத் தூரத்தில் இருந்து போட்டோ எடுத்துக்கொள். 10581 என்ற மதுவிலக்குப் புகார் எண்ணுக்குச் சொல், ஒரு தடவை சொன்னால் நடக்காது, ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல். அதைவிடப் பலமானது கிராம சபை. இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கூட வேண்டும். அடுத்த கூட்டத்தில் 'எங்கள் ஊர் எல்லைக்குள் வெளியாட்கள் மது அருந்தக் கூடாது' என்று தீர்மானம் போட்டு, கலெக்டர் ஆபீசுக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் நகல் அனுப்புங்கள். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் 5-ஆம் பிரிவில் காட்டையும் நீர்நிலையையும் காக்கிற அதிகாரத்தைக் கிராம சபைக்கே கொடுத்திருக்கிறது. சில அதிகாரிகளுக்கு அது ஞாபகம் இருக்காது, நீ படிக்கிற பெண், பிரிவு எண்ணோடு எழுது. பெரியவர்கள் 'நமக்கெதுக்கு' என்பார்கள். அந்தக் குதிகால் பையனின் அம்மா அப்படிச் சொல்ல மாட்டாள்.

எனக்கு 19 வயது. அடுத்த மாதம் பிறந்தநாள். நண்பர்கள் மலையில் ட்ரெக்கிங் போய் 'கொண்டாடலாம்' என்கிறார்கள்.
(கல்லூரி மாணவர், காட்பாடி)

21 ஆகாதவருக்குத் தமிழ்நாட்டில் மது விற்கவே கூடாது. அதனால் உனக்காக வேறு ஒருவன் வாங்க வேண்டும், உன்னோடு அவனும் மாட்டுவான். அப்புறம், மலையேற்றம் என்று மனம்போல் கிளம்பக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. அந்த விபத்துக்கும் குடிக்கும் சம்பந்தமில்லை, அனுமதிக்கும் காய்ந்த புல்லுக்கும் காற்றுக்கும்தான் சம்பந்தம். 2024 அக்டோபரில் இருந்து வனத்துறையே ஆன்லைனில் பதிவு செய்து வழிகாட்டியோடு அனுப்புகிறது, ஏலகிரி சுவாமிமலையும் அதில் இருக்கிறது. கூட வருகிற வழிகாட்டி உள்ளூர்ப் பிள்ளை. அவனிடம் கரடி எந்த இலுப்பை மரத்துக்கு வரும் என்று கேள், போதும், பிறந்தநாள் நிறைந்துவிடும்.

எல்லாருக்கும் புத்தி சொல்கிறீர்கள். நீங்கள் காட்டில் குடித்ததே இல்லையா?
(குடியாத்தம் வாசகர்)

இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிது, 1980-களின் கடைசி. ஜவ்வாது மலைச் சரிவில் ஒரு பழைய ஓய்வு விடுதி, ஓட்டுக் கூரை. மார்ச் மாதம். மூங்கிலும் புல்லும் காய்ந்து, கையில் பிடித்தால் நொறுங்கும். எனக்குத் தீக் கண்காணிப்பு வேலை. கூட வேலை பார்த்தவருக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது, அதற்கு ஒரு விருந்து. விடுதிக்குள் மது கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தது. அதை எழுதியதே நான்தான், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்திருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு குடித்தோம். பொறுப்பாகத்தான், நம் ஆம்பூர் தம்பி சொன்ன மாதிரி. சத்தம் போடவில்லை.

விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது, மூக்கில் புகை. வெளியே ஓடிப் பார்த்தால் எதிர்ச் சரிவு கறுப்பாக இருந்தது. தீ அணைந்திருந்தது. யார் அணைத்தது என்றால் ஊர்க்காரர்கள். ராத்திரி பூராவும் பச்சைத் தழையை ஒடித்து அடித்து அடித்து அணைத்திருக்கிறார்கள், பெண்களும் சேர்ந்து. என்னை எழுப்ப ஒரு பையன் வந்து கதவைத் தட்டியிருக்கிறான். எங்களுக்குக் கேட்கவில்லை. ஒரு பெரியவருக்கு வலது பாதம் வெந்து கொப்புளம் கட்டியிருந்தது. வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

பத்து மணிக்கு ரேஞ்சர் வந்தார். 'கார்டு எங்கே இருந்தான்?' என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெரியவர், 'ஐயா மேல்பக்கம் தீக்கோட்டுல இருந்தாருங்க, அவருதான் ஆளுங்களை அனுப்பினாரு' என்று சொல்லிவிட்டார். ரேஞ்சர் டைரியில் எழுதிக்கொண்டார். எனக்குப் பாராட்டு வேறு வந்தது.

அன்றோடு விட்டுவிட்டேன் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். விடவில்லை. காட்டுக்குள் மட்டும் அதற்கப்புறம் தொடவில்லை, வீட்டில் தொடர்ந்தேன். 2004-இல் சர்க்கரை வந்து டாக்டர் மிரட்டிய பிறகுதான் நிறுத்தினேன்.

அந்த ஊர்ப் பக்கம் இன்னும் நாலு வருஷம் வேலை பார்த்தேன். பெரியவர் லேசாகக் காலைச் சாய்த்து நடப்பார். வழியில் எப்போது எதிர்ப்பட்டாலும் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்பார்:

'ஐயா, ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?'